சைதாப்பேட்டையில் பாடம் படித்த பேராசிரியர்

சென்னையிலிருந்து திருப்பதிக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்குத் திருத்தணி, நகரி, புத்தூர் என்று வரிசையாக ஊர்கள் வரும். புத்தூரைத் தாண்டினால் வடமாலபேட்டை. மலைக்குப் போகும் அவசரத்தில் இந்த ஊரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கடைப் பலகைகளில் தெலுங்கு. டீ கேட்டால் தெலுங்கிலும் பதில் வரும், தமிழிலும் வரும். இன்று இது திருப்பதி மாவட்டம். 2022 ஏப்ரலுக்கு முன்னால் சித்தூர் மாவட்டம். 1911-க்கு முன்னால் பழைய வட ஆர்க்காடு ஜில்லா. ஊர் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. மாவட்டத்தின் பெயர்தான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

திருத்தணியிலிருந்து திருப்பதிக்கு 60 கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். சாலையில் போனாலும் ரயிலில் போனாலும் புத்தூரையும் வடமாலபேட்டைப் பக்கத்தையும் கடந்துதான் ஆக வேண்டும். 1896-ஆம் ஆண்டில் திருத்தணியிலிருந்து எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் இந்த வழியாகத்தான் திருப்பதிக்குப் படிக்கப் போனான். அவன் பெயர் ராதாகிருஷ்ணன். பிற்காலத்தில் இந்தியாவின் ஜனாதிபதியாக இருந்த டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன்தான் அந்தச் சிறுவன்.

அவர் ஜனாதிபதியாக இருந்த கதை எல்லோருக்கும் தெரியும். செப்டம்பர் 5-ந்தேதி ஆசிரியர் தினம் என்பதும் தெரியும். ஆனால் அவரும் ஒரு காலத்தில் வாத்தியார் வேலைக்கான பயிற்சிக் கல்லூரியில் மற்ற மாணாக்கர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்டவர் என்பது பலருக்குத் தெரியாது. வாழ்க்கை வரலாறு எழுதியவர்களில் பலரும் அந்த ஓராண்டை ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிவிடுகிறார்கள். சற்று நின்று பார்க்க வேண்டிய ஆண்டு அது.

ஜமீன் சிப்பந்தியின் பிள்ளை

ராதாகிருஷ்ணன் 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ந்தேதி திருத்தணியில் பிறந்தார். தந்தை வீராசாமி, தாய் சீதம்மா. வீட்டு மொழி தெலுங்கு. மூதாதையர் நெல்லூர்ப் பக்கத்துச் சர்வபள்ளி கிராமத்தைச் சேர்ந்தவர்கள். பிழைப்புக்காகத் தெற்கே வந்த குடும்பம். ஊரை விட்டு வந்தாலும் ஊர்ப் பெயரை விடவில்லை. அதையே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார்கள்.

தந்தைக்கு உள்ளூர் ஜமீனில் வருவாய்ப் பிரிவில் சிறிய உத்தியோகம். கணக்கும் பேரேடுமாகக் கழிந்த வாழ்க்கை. வரும்படி குறைவு, குடும்பம் பெரிது. இப்படிப்பட்ட வீட்டில் ஒரு பையன் மேலே படிக்க வேண்டுமானால் உபகாரச் சம்பளம் கிடைத்தாக வேண்டும். ராதாகிருஷ்ணன் படித்த காலமெல்லாம் உபகாரச் சம்பளத்தைக் கொண்டே படித்தார்.

திருத்தணியில் ஆரம்பப் படிப்பு முடிந்தது. அடுத்துத் திருப்பதியில் ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷன் பள்ளி. அது ஜெர்மானியப் பாதிரிமார்கள் நடத்திய பள்ளி. 1900-ல் வேலூர் ஊரிஸ் கல்லூரி. அது அமெரிக்க ஆர்க்காடு மிஷனுடையது. 1904-ல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. அது ஸ்காட்லாந்துக்காரர்களுடையது. அந்நாளில் அந்தக் கல்லூரி தாம்பரத்தில் இல்லை. ஜார்ஜ் டவுனில் இருந்தது. ஆசாரமான பிராமணக் குடும்பத்துப் பையனுக்கு ஜெர்மானியர், அமெரிக்கர், ஸ்காட்லாந்துக்காரர் என்று மூன்று தேசத்துப் பாதிரிமார்கள் அடுத்தடுத்துப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இந்து மதத்தின் மீது அவர்கள் சொன்ன குறைகள் அவர் மனதை உறுத்தின. பதில் தேட வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் முளைத்தது.

மாணவராக இருந்தபோதே அவருக்கு விவாகமும் ஆகிவிட்டது. மனைவி சிவகாமு, தூரத்து உறவுப் பெண்.

தானம் வந்த புத்தகங்கள்

கிறிஸ்தவக் கல்லூரியில் எந்தப் பாடத்தை எடுப்பது என்ற கேள்வி வந்தது. உலகமே தத்துவ மேதை என்று கொண்டாடிய மனிதர் தத்துவப் பாடத்தை விரும்பித் தேர்ந்தெடுத்திருப்பார் என்றுதான் நினைப்போம். அப்படி இல்லை. உறவுக்காரர் ஒருவர் அதே கல்லூரியில் தத்துவம் படித்துத் தேறியிருந்தார். தம்முடைய பாடப் புத்தகங்களை இவருக்குக் கொடுத்துவிட்டார். புத்தகச் செலவு மிச்சம். பாடம் முடிவாகிவிட்டது.

ஊரிலிருந்து அண்ணன் படித்த புத்தகத்தை வாங்கித் தம்பி படித்த குடும்பங்கள் நம்மில் எத்தனையோ உண்டு. அப்படி வந்த பழைய புத்தகங்கள்தான் இந்தப் பையனையும் பின்னாளில் ஆக்ஸ்போர்டு வரைக்கும் கொண்டு போயின.

1908-ல் எம்.ஏ. பட்டத்துக்காக வேதாந்தத்தின் அறநெறி பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். பேராசிரியர் ஏ. ஜி. ஹாக் அதைப் படித்துவிட்டு மனம் நிறைந்து பாராட்டினார். இந்து மதத்துக்கு அறநெறியில் அக்கறை இல்லை என்று பாதிரிமார்கள் பேசிவந்த கல்லூரியில், அந்தக் குறைக்கு மறுப்பாக எழுதிய கட்டுரைக்கு ஒரு பாதிரியாரே நற்சாட்சி கொடுத்தார். கட்டுரை அந்த ஆண்டிலேயே புத்தகமாகவும் வந்தது. எழுதியவருக்கு அப்போது வயது 20.

பட்டமும் கிடைத்தது, புத்தகமும் வந்தது. ஆனால் வயிற்றுப்பாடு? மேல்படிப்புக்குச் சீமைக்குப் போகிற வசதி அவருக்கு இல்லை. 1909 ஏப்ரலில் சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவப் பிரிவில் வேலை கிடைத்தது. சம்பளம் சொற்பம். வாழை இலை வாங்கவும் காசில்லாமல் தரையைக் கழுவிச் சோற்றைப் போட்டுச் சாப்பிட்டார் என்று ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுவது உண்டு. பெரிய மனிதர்களைச் சுற்றி இப்படிக் கதைகள் வளர்வது சகஜம். ஆனால் ஊரில் பெற்றோர், தம்பி தங்கைகள், கூடவே மனைவி என்றிருந்த குடும்பத்துக்குப் பட்டணத்துச் சிறு சம்பளம் எப்படிப் போதும் என்பதை வெளியூரில் வேலை பார்த்து மாதாமாதம் மணியார்டர் அனுப்பியவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

எல்.டி. இல்லாமல் முடியாது

அந்தக் காலத்துச் சென்னை மாகாணத்தில் அரசாங்கக் கல்வி இலாகாவில் கால் ஊன்ற வேண்டுமானால் எம்.ஏ. மட்டும் போதாது. எல்.டி. வேண்டும். கற்பிக்கும் தொழிலுக்குப் பல்கலைக்கழகம் கொடுக்கும் உரிமப் பட்டம் அது. குமாஸ்தா வேலைக்கு எவ்வளவு படித்திருந்தாலும் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் பாஸ் செய்திருக்கிறாயா என்று கேட்ட மாதிரிதான் இதுவும். எல்.டி.தான் பிறகு பி.டி. ஆயிற்று. பி.டி.தான் பிறகு பி.எட். ஆயிற்று. உயர்நிலைப் பள்ளியில் சரித்திரம், பூகோளம் சொல்லிக் கொடுக்கிறவரானாலும் கணக்கு, இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறவரானாலும் எல்லோருக்கும் ஒரே வாசல் அதுதான்.

அந்த வாசல் சைதாப்பேட்டையில் இருந்தது. 1856-ல் வேப்பேரியில் அரசாங்க நார்மல் பள்ளி என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் பிறகு சைதாப்பேட்டைக்கு வந்து ஆசிரியர் கல்லூரி ஆனது. ஆசியாவிலேயே மிகப் பழைய ஆசிரியப் பயிற்சி நிறுவனங்களில் இது ஒன்று. இந்தக் காலத்து ஆசிரியர்களும் அங்கே படித்து வருகிறார்கள். தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் பேசும் ஜில்லாக்கள் எல்லாம் அன்று ஒரே மாகாணம். நாலு மொழிக்காரர்களும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து, எதிர்காலத்து வகுப்பறைகளுக்காகத் தயாரானார்கள்.

பயிற்சி இரண்டு பகுதி. ஒன்று புத்தகப் படிப்பு: கல்வியின் தத்துவம், மனோதத்துவம், பாடம் நடத்தும் முறை, பள்ளி நிர்வாகம். இன்னொன்று நேரடியாகப் பிள்ளைகள் முன்னால் நிற்பது. கல்லூரியை ஒட்டி மாதிரிப் பள்ளி ஒன்று இருந்தது. பாடக் குறிப்பு எழுதிக்கொண்டு போய், பின்வரிசையில் விரிவுரையாளர் உட்கார்ந்து குறித்துக்கொண்டிருக்க, நிஜப் பிள்ளைகளுக்கு நிஜப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். முதல் நாள் கை நடுங்காத மாணவ ஆசிரியர் கிடையாது. பெரிய பட்டம் பெற்றவர்களும் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதும்போது முதுகுக்குப் பின்னால் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பதை அப்போதுதான் கற்றுக்கொள்வார்கள்.

1910-ல் ராதாகிருஷ்ணன் இந்தப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டார். கல்லூரியில் வகுப்பு நடத்தத் தொடங்கிவிட்டவர் மறுபடியும் மாணவராக வேண்டியிருந்தது. இது சிலருக்கு மானப் பிரச்சினையாக இருந்திருக்கும். அவருக்கோ வேறு விதமான சங்கடம். மனோதத்துவப் பாடம் அவர் ஏற்கெனவே ஆழமாகப் படித்திருந்த விஷயம். சொல்லிக் கொடுக்கிறவருக்குச் சமமாக, சில இடங்களில் அதற்கு மேலாகவும் தெரிந்த மாணவனை வைத்துக்கொண்டு ஆசிரியர் என்ன செய்வது?

அங்கிருந்த ஆசிரியர் நல்ல வழி கண்டுபிடித்தார். அந்த வகுப்புகளில் உட்கார வேண்டியதில்லை என்று விட்டுவிட்டு, கூடப் படிக்கிறவர்களுக்கு அந்தப் பாடத்தை நடத்தும்படி அவரையே கேட்டுக்கொண்டார். மாணவன் தம்மைவிட அதிகம் அறிந்தவன் என்பதை ஒப்புக்கொண்டு சாக்பீஸை அவன் கையில் கொடுக்க ஓர் ஆசிரியருக்குப் பெரிய மனது வேண்டும். இந்தச் சம்பவத்தில் ராதாகிருஷ்ணனின் அறிவைப் பாராட்டுகிறவர்கள் அந்த ஆசிரியரை மறந்துவிடுகிறார்கள்.

சக மாணாக்கர்களில் பலர் அவரைவிட வயதில் மூத்தவர்களாகவும் இருந்திருக்கக் கூடும். பள்ளியில் சில ஆண்டு வேலை பார்த்துவிட்டுப் பட்டத்துக்காக வருவது அந்தக் காலத்து வழக்கம். அவர்கள் முன்னால் 22 வயது இளைஞர் நின்று மனோதத்துவம் சொன்னார். கடினமான விஷயத்தைச் சிக்கலில்லாமல் எடுத்துச் சொல்லும் திறமை அவருக்கு உண்டு என்பது அங்கே வெளிப்பட்டது. அந்தச் சொற்பொழிவுகளே பின்னர் மனோதத்துவத்தின் அடிப்படைகள் பற்றிய ஆங்கில நூலாக 1912-ல் வெளிவந்தன. எம்.ஏ. கட்டுரைக்கு அடுத்து வந்த அந்தப் புத்தகம் பயிற்சிக் கல்லூரி வகுப்பறையில் பிறந்தது.

ஊர் ஊராக மாற்றல்

எல்.டி. முடித்து மாநிலக் கல்லூரிக்குத் திரும்பினார். அடுத்த சில ஆண்டுகள் அவர் அதிகம் படித்த ஆண்டுகள். உபநிஷதம், கீதை, பிரம்ம சூத்திர உரைகள், பௌத்த, சமண நூல்கள் எல்லாவற்றையும் மூலத்திலேயே படித்தார். மேல்நாட்டுத் தத்துவம் கல்லூரியில் கிடைத்தது. நம் நாட்டுத் தத்துவத்தை வேலைக்கு வந்த பிறகு தாமாகவே தேடிப் படிக்க வேண்டியிருந்தது. அந்நாளையக் கல்லூரிப் பாடத்திட்டம் அப்படி.

அரசாங்க உத்தியோகம் என்றால் மாற்றல் இல்லாமல் இருக்குமா? 1916-ல் அனந்தபூர். 1917-ல் ராஜமகேந்திரவரம். பெட்டி படுக்கையோடு குடும்பம் ரயிலேறுவதும் இறங்குவதுமாக இருந்தது. 1918-ல் மைசூர்ப் பல்கலைக்கழகம் அழைத்தது. அரசாங்க உத்தியோகத்தை விட்டு மைசூர் சமஸ்தானத்துக்குப் போனார். பல்கலைக்கழகம் தொடங்கி இரண்டே ஆண்டுதான் ஆகியிருந்தது. சித்தூர்ப் பக்கத்துக் கட்டமஞ்சி ராமலிங்க ரெட்டியார் அப்போது அங்கே கல்வித் துறையில் பெரிய பதவியில் இருந்தார். பழைய வட ஆர்க்காடு மண்ணில் பிறந்த இரண்டு பேர் கன்னட நாட்டின் கல்வியில் சேர்ந்து உழைத்த காலம் அது.

மைசூர் மகாராஜா கல்லூரியில் அவர் இருந்தது மூன்றே ஆண்டுதான். ஆனால் மாணவர்கள் அவரை ஒட்டிக்கொண்டார்கள். 1921-ல் சர் அசுதோஷ் முகர்ஜி அவரைக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்தார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரிலிருந்த தத்துவப் பேராசிரியர் பதவி. நாட்டிலேயே பெயர் பெற்ற இடம். புறப்படும் நாளில் மாணவர்கள் அவருக்கு ஏற்பாடு செய்த கோச்சு வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டார்கள். தாங்களே வண்டியை இழுத்துக்கொண்டு மைசூர் ரயில் நிலையம் வரைக்கும் போனார்கள். மைசூருக்கு அவர் வெளியூர்க்காரர். கன்னடம் அவருடைய தாய்மொழியும் அல்ல. வெளி மாநிலத்தில் பிழைக்கப் போன ஒருவருக்கு அந்த ஊர்ப் பிள்ளைகள் செய்த மரியாதை இது.

வழக்கு மன்றம் வரை

கல்கத்தாவில் புகழ் வளர்ந்தது. இந்தியத் தத்துவம் பற்றிய நூலின் முதல் பாகம் 1923-லும் இரண்டாம் பாகம் 1927-லும் வந்தன. 1926-ல் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போய்ப் பேசினார். மாணவனாகச் சீமைக்குப் போக முடியாதவர் அங்கே பாடம் சொல்லப் போனார்.

புகழோடு கூடவே ஒரு மனக்கஷ்டமும் வந்தது. 1929-ல் ஜாதுநாத் சின்ஹா என்ற அறிஞர், தாம் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த ஆராய்ச்சிக் கட்டுரையிலிருந்து பல பகுதிகள் அந்த இரண்டாம் பாகத்தில் எடுத்தாளப்பட்டுள்ளன என்று பத்திரிகையில் எழுதினார். வழக்கும் போட்டார். ராதாகிருஷ்ணன் அதை மறுத்தார். ஒரே சம்ஸ்கிருத மூலத்தை இருவர் மொழிபெயர்த்தால் சொற்கள் ஒத்துப்போகும் என்பது அவர் தரப்பு. அவரும் எதிர் வழக்குப் போட்டார். 1933-ல் இரு தரப்பும் நீதிமன்றத்துக்கு வெளியே சமாதானம் செய்துகொண்டார்கள். ஆசிரியர் தினத்து மேடைகளில் இதை யாரும் சொல்வதில்லை. ஆனால் ஒருவருடைய வாழ்க்கையைச் சொல்லும்போது வெயிலை மட்டும் சொல்லி நிழலை விட்டுவிடுவது முறையாகாது. மாணவர் எழுதிய கட்டுரைக்கும் பேராசிரியர் எழுதிய புத்தகத்துக்கும் நடுவே எங்கே கோடு கிழிப்பது என்ற கேள்வி பல்கலைக்கழகங்களில் இன்றைக்கும் எழுகிறது.

1931-ல் ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். அவருக்கு முன்னால் அந்தப் பதவியில் இருந்தவர் அதே கட்டமஞ்சி ராமலிங்க ரெட்டியார். வால்டேரில் அப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்த பல்கலைக்கழகத்துக்கு நல்ல இளைஞர்களாகத் தேடித் தேடிக் கொண்டுவந்தார். ஹுமாயூன் கபீர், ஹிரேன் முகர்ஜி போன்றவர்கள் அங்கே பாடம் நடத்தியது அவர் காலத்தில்தான். ஹிரேன் முகர்ஜி சரித்திரமும் அரசியலும் கற்பித்தார்; பின்னாளில் கம்யூனிஸ்டுக் கட்சியின் பெரிய பாராளுமன்றவாதி. கொள்கையைப் பார்க்காமல் திறமையைப் பார்த்து ஆள் எடுத்த துணைவேந்தர் என்பதற்கு இது ஒன்றே போதும்.

1936-ல் ஆக்ஸ்போர்டில் கீழ்நாட்டுச் சமயங்களுக்கான பேராசிரியர் பதவி. 1939-ல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். 1942-ல் ஆகஸ்டுப் போராட்டத்தின்போது மாணவர்கள் கிளர்ந்தெழ, அரசாங்கம் பல்கலைக்கழகத்தையே போர்க்கால மருத்துவமனையாக்கிவிடப் பார்த்தது. டெல்லிக்குப் போய் வைசிராயிடம் வாதாடி அதைத் தடுத்தார். பல்கலைக்கழகம் பிழைத்தது.

மறுபடியும் வாத்தியார் பயிற்சி

சுதந்திரம் வந்தது. 1948 நவம்பரில் மத்திய அரசு பல்கலைக்கழகக் கல்விக் குழுவை நியமித்தது. தலைவர் ராதாகிருஷ்ணன். தலைவரையும் சேர்த்துப் பத்துப் பேர். சென்னையிலிருந்து டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார், பிறகு ஜனாதிபதியான ஜாகிர் உசேன், விஞ்ஞானி மேகநாத் சாகா, சரித்திர அறிஞர் தாராசந்த் ஆகியோர் அதில் இருந்தார்கள். 1949 ஆகஸ்டில் அறிக்கை தயாராகிவிட்டது. இந்தக் காலத்துக் குழுக்கள் எடுத்துக்கொள்ளும் அவகாசத்தைப் பார்த்தால் இந்த வேகம் ஆச்சரியமாக இருக்கும்.

அந்த அறிக்கையில் ஆசிரியப் பயிற்சியைப் பற்றி ஒரு பகுதி உண்டு. நாடு முழுவதும் பயிற்சிக் கல்லூரிகளைப் பார்த்ததில், ஏட்டுப் பாடம் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றாகவே இருந்தது. வகுப்பறைப் பயிற்சியில்தான் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். மேற்பார்வையில் நடத்த வேண்டிய பாடங்கள் ஒரு கல்லூரியில் 10, இன்னொரு கல்லூரியில் 60. பத்துப் பாடம் நடத்தியவரும் வாத்தியார், அறுபது பாடம் நடத்தியவரும் வாத்தியார். இரண்டு பேருக்கும் ஒரே பட்டம்.

குழு சொன்ன யோசனைகள் நேரானவை. ஏட்டுப் படிப்பின் நேரத்தைக் குறைத்து, பள்ளியில் பாடம் நடத்தும் நேரத்தைக் கூட்ட வேண்டும். மதிப்பெண் போடும்போதும் வகுப்பறைத் திறமைக்கு அதிக இடம் கொடுக்க வேண்டும். பயிற்சிக்கு நல்ல பள்ளிகளாகப் பார்த்துப் பிடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பயிற்சிக் கல்லூரியில் கற்பிப்பவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திப் பழகியவர்களாக இருக்க வேண்டும். எம்.எட். படிப்புக்கு வருகிறவர்களும் சில ஆண்டு பள்ளியில் வேலை பார்த்துவிட்டு வர வேண்டும். நீச்சல் தெரியாதவன் நீச்சல் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்பதுதான் சாரம்.

இது பத்துப் பேரும் சேர்ந்து எழுதிய அறிக்கை. சைதாப்பேட்டை அனுபவம்தான் காரணம் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தப் பத்துப் பேருக்குத் தலைமை தாங்கியவர் ஒரு காலத்தில் எல்.டி. பெஞ்சில் உட்கார்ந்தவர் என்பதை நினைத்துக்கொண்டு அந்தப் பக்கங்களைப் படித்தால் சுவை கூடுகிறது. உயர்நிலைக் கல்விதான் நம் கல்விச் சங்கிலியில் நைந்துபோன கண்ணி என்றும் குழு சொன்னது. கல்லூரிகளைப் பற்றி எழுதச் சொன்னால், அடியில் இருக்கும் பள்ளிக்கூடத்தையும் அங்கே இருக்கும் வாத்தியாரையும் பார்க்காமல் எழுத முடியாது என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். விடுமுறையில் பள்ளி ஆசிரியர்களுக்குப் பல்கலைக்கழகங்கள் புத்தறிவு வகுப்புகள் நடத்த வேண்டும் என்பதும் அவர்கள் சொன்னதே.

அதே குழுவில் இருந்த லட்சுமணசாமி முதலியார்தான் 1952-ல் அமைந்த உயர்நிலைக் கல்விக் குழுவுக்குத் தலைவரானார். சரித்திரம், பூகோளம், குடிமைப் பயிற்சி என்று தனித்தனியாக இருந்ததை ஒன்றாக்கி, சமூகக் கல்வி என்று ஒரே பாடமாக நடத்தலாம் என்று 1953-ல் அந்தக் குழு சிபாரிசு செய்தது. ஜாகிர் உசேனின் ஆதாரக் கல்வித் திட்டத்தில் முன்பே இருந்த எண்ணம்தான் இது. பூகோளம் தெரிந்தவருக்குச் சரித்திரம் தெரியாது, சரித்திரம் தெரிந்தவருக்கு வரைபடம் வராது என்ற சிக்கலோடு அன்று தொடங்கிய பாடத்தைத்தான் இன்றும் பி.எட். முடித்த பட்டதாரிகள் ஆயிரக்கணக்கில் நடத்துகிறார்கள்.

பள்ளியில் நிற்கும் நாட்களைக் கூட்ட வேண்டும் என்ற யோசனைக்கு என்ன ஆயிற்று? 2014-ல் வந்த விதிகளில்தான் பி.எட். இரண்டாண்டுப் படிப்பாகி, 20 வாரம் பள்ளியோடு இருக்க வேண்டும் என்று ஏற்பட்டது. அறிக்கைக்கும் விதிக்கும் நடுவே 65 ஆண்டு ஓடிவிட்டது. பெண்ணையோ பிள்ளையையோ பி.எட். சேர்த்துவிட்டு இரண்டு வருஷமா என்று பெருமூச்சு விட்ட பெற்றோர்கள் இந்தக் கணக்கையும் தெரிந்துகொள்ளலாம்.

டெல்லியில்

மற்றவை நாடறிந்த விஷயங்கள். 1949 முதல் 1952 வரை மாஸ்கோவில் தூதர். 1952 முதல் 1962 வரை துணை ஜனாதிபதி. 1954-ல் பாரத ரத்னா. 1956-ல் மனைவி சிவகாமு காலமானார். 1962-ல் ஜனாதிபதி. அந்த ஆண்டில் அவருடைய பிறந்த நாளைக் கொண்டாட வேண்டும் என்று பழைய மாணவர்களும் நண்பர்களும் கேட்டார்கள். தமக்காகக் கொண்டாடுவதைவிட ஆசிரியர்கள் எல்லோருக்குமான நாளாகக் கொண்டாடினால் பெருமைப்படுவேன் என்ற கருத்தை அவர் தெரிவித்தார். அன்று தொடங்கியதுதான் செப்டம்பர் 5 ஆசிரியர் தினம். 1967-ல் பதவிக்காலம் முடிந்ததும் டெல்லியை விட்டுச் சென்னை மயிலாப்பூர் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அவர் துணை ஜனாதிபதியாக இருந்தபோது சொந்த ஊரிலேயே ஒரு கலகம் நடந்தது. 1953-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அந்தப் பக்கம் போயிற்று. ம.பொ.சி. தலைமையில் வட எல்லைப் போராட்டம் மூண்டது. படாஸ்கர் சிபாரிசின்படி சட்டம் வந்து, 1960 ஏப்ரல் 1-ந்தேதி திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. புத்தூரும் வடமாலபேட்டையும் ஆந்திராவிலேயே நின்றுவிட்டன. சட்டம் நிறைவேறிய நாட்களில் மாநிலங்களவைத் தலைவர் பதவியில் இருந்தவர் திருத்தணியில் பிறந்த இந்தத் தெலுங்கர். ஊர் எந்தப் பக்கம் போனாலும் அவர் வீட்டில் பேசிய மொழியும் மாறவில்லை, தெருவில் கேட்ட மொழியும் மாறவில்லை. எட்டு வயதில் ஒரே ஜில்லாவுக்குள் பள்ளிக்கூடம் போன பாதையின் நடுவே இப்போது ஒரு மாநில எல்லை குறுக்கிடுகிறது.

அவருக்கு ஐந்து பெண்கள், ஒரே மகன். மகன் எஸ். கோபால் பெயர் பெற்ற சரித்திரப் பேராசிரியர். தந்தையின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவரும் அவரே. 1970-களில் என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட சரித்திரப் பாடநூல்களுக்கான ஆசிரியர் குழுவுக்கு அவர்தான் தலைவர். சமூக அறிவியல் வாத்தியார்கள் பலர் வகுப்பில் கையில் வைத்துப் பாடம் நடத்திய புத்தகங்கள் அவை.

1975 ஏப்ரல் 17-ந்தேதி டாக்டர் ராதாகிருஷ்ணன் சென்னையில் காலமானார். அவர் குடியிருந்த எட்வர்டு எலியட்ஸ் சாலைக்கு இப்போது அவர் பெயர். 22 வயதில் பாடக் குறிப்போடு அவர் போய் நின்ற சைதாப்பேட்டைக் கல்லூரி அங்கிருந்து சில கிலோமீட்டர் தூரம்தான்.